நிலநடுக்கம் ஆய்ந்த ஓல்டாம்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம்மவர் வழக்கம். அத்தகைய நிலமும் ஒரோவழி நடுங்குவதுண்டு. அந்நடுக்கத்தையே கருவியாகக் கொண்டு, கண்ணாற் காண இயலாத நிலத்தின் உட்பகுதியை ஆராய்ந்தவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் என்னும் அறிஞர்.

இவர் 1858-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் தாமசு ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைவராக விளங்கியவர். அவர் 1869-இல் கச்சார்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். ஆயினும் அதுபற்றிய நூல் வெளிவருமுன்னரே 1878-இல் மறைந்தார். மறு ஆண்டு அதே துறையிற் பணியேற்ற மைந்தர், தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளை ஒழுங்குசெய்து நூலாக்கினார். தந்தைக்கு ஆற்றிய அக்கடனே அவருக்கு நிலநடுக்க ஆராய்ச்சியில் முதற்பாடமாயிற்று.

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மாலை ஐந்து மணியளவில் அசாமில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. சில்லாங்கு நகரின் கற்கட்டடங்கள் சில நொடிகளில் இடிந்து கற்குவியல்களாயின. சுமார் 1,500 பேர் மாண்டனர். துறையினர் பல திசைகளிற் சென்று செய்திகளைத் திரட்டினர். ஓல்டாம் தாமும் மலைப்பகுதிகளிற் சுற்றித் திரிந்து ஆராய்ந்தார். மண்ணிற் புதைந்து கிடந்த பாறைக்கற்கள் மேலே தூக்கியெறியப்பட்டிருந்ததைக் கண்டார். செட்ராங்கு ஆற்றின் வழியே நிலம் பிளந்து, ஒருபுறம் மற்றொருபுறத்தைவிடப் பதினொரு மீட்டர் வரை உயர்ந்து நின்றது. பாறைகள் நெடுங்காலம் நெருக்குண்டு, தாங்குமளவும் தாங்கிப் பின் முறிந்து வழுக்குவதாலேயே நிலம் நடுங்குகின்றது. அவர் எழுதிய விரிவான அறிக்கை 1899-இல் வெளிவந்தது.

அந்நடுக்கத்தை இத்தாலி முதலிய தொலைநாடுகளின் நிலநடுக்கமானிகளும் பதிவு செய்திருந்தன. தாளில் நெளிந்த அக்கோடுகளைப் பிறரும் கண்டனர். ஆயினும் அவற்றுள் மூவகை அலைகள் முறையே வந்திருப்பதைத் தெளிவாகப் பிரித்துணர்த்தியவர் ஓல்டாமே. முதலில் வருவது, நின்ற புகைவண்டியை இயந்திரம் முட்டுங்கால் பெட்டிதோறும் இடி பரவுவதுபோல, முன்னும் பின்னுமாகத் தள்ளிச் செல்லும் அலை. அடுத்தது, கட்டிய கயிற்றின் ஒருமுனையை உதறினாற்போலக் குறுக்கே அசையும் அலை. இதன் விரைவு முன்னதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. மூன்றாவது நிலத்தின் மேற்பரப்பை ஒட்டிச் செல்வது. முதலிரண்டு அலைகளும் வந்துசேரும் இடைவேளையைக் கொண்டு, நடுக்கம் எத்துணைத் தொலைவில் நேர்ந்தது என்று கணக்கிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவேளையைக் கொண்டு மழைமேகத்தின் தொலைவை அறிவது போன்றதே இது.

உடல்நலங் குன்றியமையால் 1903-இல் ஓல்டாம் பணியினின்றும் ஓய்வு பெற்றார். அவர்தம் தலைசிறந்த கண்டுபிடிப்பு அதன் பின்னரே வெளிவந்தது என்பது வியப்புக்குரியது. உலகின் மறுபுறம் நோக்கி நடுவூடு சென்ற அலைகள் எதிர்பார்த்த காலத்திற்குப் பிந்தி வந்தன. அலைகளின் விரைவைக் குறைக்கும் வேறொரு பொருள் நடுவில் இருத்தல் வேண்டும் என்று துணிந்து, நிலவுலகிற்குக் கரு உண்டு என 1906-இல் எடுத்துரைத்தார். அக்கருவின் அளவை அவர் சற்றுக் குறைவாகவே மதித்தார். அது ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகின்றது எனக் குட்டன்பர்க்கு என்னும் செருமானியர் பின்னர்க் கணித்தார். குறுக்கலை நீர்மத்தினூடே செல்லாது. அதனையும் பிற சான்றுகளையும் கொண்டு, கரு நீர்மமே என 1926-இல் ஜெப்ரீசு நிறுவினார்.

ஓல்டாம் 1936-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வேல்சு நாட்டில் காலமானார். அந்நீர்மக் கருவினுள்ளும் மற்றொரு கரு உண்டென்பதை டென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமன் அதே ஆண்டில் வெளியிட்டார்.