தலையால் நடந்து கயிலை போன காரைக்கால் அம்மையார்... இன்று போறவங்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பது ஏன்?

ஆனி பௌர்ணமி வந்தாலே காரைக்கால் வீதிகளில் மாம்பழம் பறக்கும். வீட்டு மாடியில் இருந்து பக்தர்கள் வீச, கீழே நிற்பவர்கள் பிடிப்பார்கள். அதுதான் மாங்கனித் திருவிழா. அந்த விழாவின் நாயகி யார், அவர் போன கயிலையில் இன்று சிலருக்கு மூச்சு முட்டுவது ஏன்? பார்க்கலாம் வாங்க.

யார் இந்தப் புனிதவதி?

காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள். கணவர் பரமதத்தன். கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிட்டார். மதியம் கணவர் இரண்டாவது பழத்தையும் கேட்க, இறைவனை வேண்டியதும் கையில் ஒரு பழம் வந்ததாம். பயந்துபோன பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் வேறு திருமணம் செய்துகொண்டார். மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தார்.

தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தார் அவர். இனி இந்த அழகு உடம்பு எதற்கு என்று, சதையை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார் புனிதவதி. கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்தார். சிவன் அவரை அம்மை என்று அழைத்ததாகச் சொல்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். அற்புதத் திருவந்தாதி பாடியவரும் இவர்தான்.

இன்று என்ன பிரச்னை?

கயிலையைச் சுற்றும் பாதையில் டோல்மா கணவாய் சுமார் 5,600 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரக் காரைக்காலில் கிடைப்பதில் பாதிதான்.

நுரையீரலில் ஒரு பகுதிக்குக் காற்று வரவில்லை என்றால், அங்குள்ள ரத்தக் குழாய் சுருங்கும். ரத்தம் நல்ல பகுதிக்குத் திரும்பும். இது உடம்பின் சாமர்த்தியம். ஆனா உயரத்தில் நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைவு. குழாய்கள் ஏறுக்குமாறாகச் சுருங்க, அழுத்தம் எகிறி, நுண்ணிய குழாய்களில் இருந்து நீர் கசிந்து காற்றுப் பைகளில் தேங்குகிறது. இதுதான் ஹேப்.

ஏன் சிலருக்கு மட்டும்?

சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சுருக்கம் அதிகம். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அவர்களுக்குக் குறைவாகச் சுரக்கிறது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம். ஜிம் உடம்பு இதில் காப்பாற்றாது. 1962 போருக்குப் பிறகு இமயத்துக்கு வேகமாக ஏற்றப்பட்ட இளம் இந்திய ராணுவ வீரர்கள் பலர் இதில் சிக்கினர். ராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் 1965-ல் லான்செட் இதழில் இதைப் பதிவு செய்தனர்.

என்ன செய்யணும்?

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதா, வறட்டு இருமலா, சளியில் இளஞ்சிவப்பு நுரையா? உடனே சொல்லுங்க. ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்குவதுதான் முதல் சிகிச்சை. விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

பாதியில் திரும்பினால் பாவம் என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. அம்மையாரும் கயிலையிலேயே தங்கவில்லை. சிவன் அவரைக் கீழே திருவாலங்காட்டுக்குத்தான் அனுப்பினார். அவர் சதையை உதறிவிட்டுப் போனவர். நாம் நுரையீரலோடு போகிறோம்.