பெருவழக்கு இயற்கை ஆகாது

காய்கறிக் குழந்தை உணவுகளில் காரீயத்துக்கான வழிகாட்டு வரம்பை 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டது. நூறு கோடியில் 10 பங்கு. ஒரே கிழங்கு வகையால் ஆனவற்றுக்கு 20 பங்கு. இத்தகைய நுண்ணளவைப் பிழையின்றி அளக்க உலகுக்கு வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் கிளேர் பேட்டர்சன்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1922-இல் பிறந்த இந்த வேதியியலாளர், விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்து, புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிறுவினார். அம்முயற்சியில் அவரைப் பல்லாண்டு அலைக்கழித்தது, ஆய்வகத்தின் காற்றிலும் தூசியிலும் கலந்திருந்த காரீயமே. மாசற்ற ஆய்வகம் ஒன்றை அமைத்த பிறகே அளவீடு கைகூடியது.

அந்த மாசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரைப் பெட்ரோலிடம் கொண்டுசேர்த்தது. எரிபொருளில் சேர்க்கப்பட்ட காரீயம் காற்றையும் கடலையும் நிறைத்துவிட்டது என்று 1965-இல் எழுதினார். மனித உடலில் ஓரளவு காரீயம் இயற்கையே என்பது தொழில்துறை சார்ந்த வல்லுநர்களின் வாதம். எண்ணெய் நிறுவனங்களின் ஆய்வு நிதி நின்றது. 1971-இல் காரீய மாசு குறித்த தேசிய வல்லுநர் குழுவில் அவருக்கு இடமில்லை.

அவர் தளரவில்லை. பெரு நாட்டின் தொல்மனித எலும்புகளோடு ஒப்பிட்டபோது, இக்கால அமெரிக்கரின் எலும்பில் காரீயம் நூற்றுக்கணக்கான மடங்கு மிகுந்திருந்தது. காரீயத்தால் பற்றவைத்த தகர டப்பாவில் அடைத்த சூரை மீனில், கடலில் பிடித்த மீனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக அது இருந்ததை 1980-இல் வெளியிட்டார். அரசு ஆய்வகங்களோ, தம் மாசுபட்ட அளவீட்டால் அந்த வேறுபாட்டைக் காணத் தவறியிருந்தன. 1995-இல் அமெரிக்கா அத்தகைய பற்றவைப்பைத் தடைசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் பேட்டர்சன் மறைந்தார். சில வாரங்களில் காரீயம் கலந்த பெட்ரோலை அங்கு வாகனங்களுக்கு விற்பது முற்றாக நின்றது. இந்தியாவில் அது 2000-இல் நிகழ்ந்தது.

எங்கும் காணப்படும் அளவை இயல்பான அளவு எனக் கொள்ளலாகாது என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். ஒரு பண்டத்தின் விலையில் சேராத செலவை யாரோ ஒருவர் சுமக்கவே வேண்டும் என்பது பொருளியலின் அடிப்படை. காரீயத்தைப் பொறுத்தவரை அதைச் சுமப்பது வளரும் குழந்தையின் மூளை. பெட்ரோலில் அது நின்றாலும், மண்ணில் படிந்தது அகல்வதில்லை. கேரட்டும் சர்க்கரைவள்ளியும் அம்மண்ணில்தான் விளைகின்றன. பீங்கானின் மெருகுப் பூச்சில் காரீயம் சேர்ப்பதும் உலகின் பழைய தொழில்மரபு. செம்மையாகச் சுடப்படாவிடில் அது புளிப்புள்ள உணவில் கசியும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்து, பெண்ணாடத்தில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. விளைநிலத்தையும் கிண்ணத்தையும் குழந்தை உணவையும் அளந்து, முடிவுகளை மக்கள் முன் வைப்பது அரசின் கடமை.