சிறையிலிருந்து நீண்ட பாதை

நுழையும்முன்

இயக்குநர் படப்பிடிப்புத் தளத்தில் நின்று படம் எடுப்பதே வழக்கம். படப்பிடிப்புக்குச் செல்ல இயலாத சிறைவாசி ஒருவர், எழுத்தின் துணையால் திரைப்படம் படைத்தார். அவரே துருக்கி இயக்குநர் இல்மாஸ் குனே.

இளமை

தென்துருக்கியின் அதனா நகரை அடுத்த சிற்றூரில், 1937ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குர்து குடும்பத்தில் இல்மாஸ் குனே பிறந்தார். பருத்தி வயல்களில் உழைப்போரின் வறுமையைச் சிறுவயதிலேயே கண்டார். திரைப்பட வழங்கீட்டு நிறுவனங்களில் பணியாற்றியபோது திரைக்கலை அவரை ஈர்த்தது. எழுத்திலும் நாட்டம் கொண்டார். அவர் எழுதிய சிறுகதை ஒன்று பொதுவுடைமைப் பரப்புரை எனக் குற்றஞ்சாட்டப்பட்டதால், 1961இல் சிறை சென்றார்.

நடிகரும் இயக்குநரும்

விடுதலைக்குப்பின் நடிகராகப் பெரும்புகழ் பெற்றார். அழகிய முகங்களையே நாயகர்களாகக் கண்டு பழகிய மக்கள், தம்மைப்போன்ற தோற்றமுடைய இவரை 'அழகற்ற அரசன்' என அன்புடன் அழைத்தனர். அப்புகழோடு அவர் நிறைவடையவில்லை. 1970இல் 'நம்பிக்கை' என்னும் பொருளுடைய 'உமுத்' படத்தை இயக்கி, அதில் நடித்தார். குதிரைவண்டி ஓட்டும் ஜப்பாரின் குதிரை மகிழுந்து மோதி இறக்கிறது. பிழைக்க வழியற்ற அவன், மண்ணுள் புதையல் தேடி அலைந்து மனம் பேதலிக்கிறான். வறுமையை ஒப்பனையின்றிக் காட்டிய இப்படத்துக்குத் தணிக்கையாளர் தடை விதித்தனர்.

சிறையும் படைப்பும்

தேடப்பட்ட மாணவர்களுக்கு அடைக்கலம் அளித்ததாக 1972இல் மீண்டும் கைதானார். 1974இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். அதே ஆண்டில் உணவகம் ஒன்றில் எழுந்த பூசலில் நீதிபதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் குனேவுக்கு 19 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓர் உயிரின் இழப்பைக் கலைஞனின் புகழைக் கொண்டு ஈடுசெய்ய இயலாது. அவர் வாழ்வைக் கற்போர் இதனையும் மறவாது கற்றல் வேண்டும்.

சிறையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. திரைக்கதையைக் காட்சி காட்சியாக விரித்தெழுதி, நண்பர்களிடம் ஒப்படைத்தார். அவ்வாறு உருவான 'சுரு' (மந்தை) படத்தை செக்கி ஒக்தென் இயக்கினார். சில நாள் விடுப்பில் வீடு திரும்பும் ஐந்து சிறைவாசிகளின் கதையாகிய 'யோல்' (பாதை) படத்தை ஷெரிஃப் கோரென் இயக்கினார். வீட்டிலும் ஊரிலும் அவர்களை வேறு சிறைகளே எதிர்கொள்கின்றன. வறுமை, கடுமையான மரபு, இராணுவ ஆட்சியின் அச்சம் ஆகியவையே அச்சிறைகள்.

1981இல் குனே சிறையிலிருந்து தப்பி அயல்நாடு சென்றார். துருக்கியிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட படச்சுருள்களைத் தம் மேற்பார்வையில் தொகுத்து, 'யோல்' படத்தை நிறைவுசெய்தார். 1982ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், கோஸ்தா-கவ்ராசின் படத்துடன் அது தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்டது.

இறுதி நாள்கள்

தாய்நாடு அவரது குடியுரிமையைப் பறித்தது. 1983இல் சிறைச் சிறுவர்களின் துயரைக் கூறும் 'துவார்' (சுவர்) படத்தைப் பிரான்சில் எடுத்தார். அதுவே அவரது இறுதிப்படம். புற்றுநோயால் 1984இல், 47ஆம் அகவையில் பாரிசில் காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 'யோல்' துருக்கியில் 1999இல்தான் திரைக்கு வந்தது. பிறந்த மண்ணுக்குத் திரும்ப இயலாத கலைஞரின் பாதை, அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின்னரே தாயகத்தை அடைந்தது.

கற்பவை கற்றபின்

படைப்பையும் படைப்பாளியின் வாழ்வையும் பிரித்துப் பார்த்தல் இயலுமா என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.