மணலுக்கு அடியில் ஒரு நாடகம்

போன கல்ச்சுரல்ஸ்ல நடந்த டிராமா ஞாபகம் இருக்கா? ஒருத்தன் சேலை கட்டிட்டு மேடைக்கு வந்ததும் ஆடிட்டோரியம் முழுக்க விசில். சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. நானும்தான் சிரிச்சேன். இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பையனும் ஹீரோவா நடிச்சவனும் நிஜமாவே காதலிக்கிறாங்கன்னு பாதி நாடகத்துல தெரிஞ்சிருந்தா, நாம என்ன பண்ணியிருப்போம்?

இதே கேள்வியை வைத்து 1930லேயே ஒருத்தர் நாடகம் எழுதிவிட்டார். ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் ஃபெடரிகோ கார்சியா லோர்கா. நாடகத்தின் பெயருக்கு 'பார்வையாளர்கள்' என்று அர்த்தம். அதாவது நீங்களும் நானும்.

லோர்கா பிறந்தது 1898ல், கிரனடா பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா வசதியான நிலக்காரர், அம்மா டீச்சராக இருந்தவர். 1919ல் மாட்ரிட்டில் ஒரு மாணவர் விடுதிக்கு வந்தார். நம்ம ஹாஸ்டல் மாதிரி நினைச்சுடாதீங்க, ஐன்ஸ்டைன் வந்து பேசிய இடம் அது. ஓவியர் சல்வடோர் டாலியும் சினிமா இயக்குநர் லூயி புனுவெலும் அங்கே அவருக்கு நண்பர்கள். டாலி மேல் லோர்காவுக்கு இருந்தது நட்பு மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பக்கமிருந்து அதே மாதிரி திரும்பி வரவில்லை. பிறகு ஒரு இளம் சிற்பியைக் காதலித்தார், அதுவும் முறிந்தது. 1928ல் வந்த ஜிப்சி பாடல்கள் தொகுப்பால் நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் மனுஷன் உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருந்தார்.

1929ல் நியூயார்க் கிளம்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் படிக்கச் சேர்ந்தார், இங்கிலீஷ் மட்டும் கடைசி வரை வரவில்லை! அடுத்த வருஷம் அங்கிருந்து கியூபா. ஹவானாவில் ஒரு ஹோட்டலின் லெட்டர்ஹெட் தாளில்தான் இந்த நாடகத்தை எழுத ஆரம்பித்தார். ஸ்பெயின் திரும்பி, ஆகஸ்டில் முடித்தார்.

கதை லேசில் பிடிபடாது, முன்னாடியே சொல்லிடறேன். குதிரைகள் பேசும். ஒரு டைரக்டர் ரோமியோ ஜூலியட் போடுகிறார். பொய்யில்லாத நாடகம் போடச் சொல்லி மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். அதற்கு அவர்கள் வைக்கும் பெயர், மணலுக்கு அடியில் உள்ள அரங்கம். அந்த மூவரில் ஒருவருக்கு டைரக்டர் மேல் காதல். அவர் அதை ஒளிக்காமல் சொல்கிறார். டைரக்டருக்கோ கூட்டத்தை நினைத்துப் பயம். மேடையில் ஒரு தட்டி இருக்கிறது. அதன் பின்னால் போய்த் திரும்புகிறவர்கள் வேறு உருவத்தில் வருவார்கள், இத்தனை நாள் மறைத்து வைத்த உருவத்தில். கடைசியில் ஜூலியட் வேஷத்தில் இருப்பது பெண் இல்லை என்பதும், அந்தக் காதல் நடிப்பே இல்லை என்பதும் பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கலவரம் வெடிக்கிறது. காதலர்களைக் கொன்றுவிடுகிறார்கள்.

லோர்கா இதை நண்பர்கள் சிலருக்கு வாசித்துக் காட்டினார். இதை மேடையேற்றவே முடியாது என்றார்கள். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. 'இரத்தத் திருமணம்', 'யெர்மா' என்று அவர் பேர் சொல்லும் நாடகங்கள் அதற்குப் பிறகு வந்தவை. ஊருக்குப் பயந்து ஆசையை அடக்கிக்கொள்ளும் பெண்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சொந்தக் கதையைத்தான் அவர்கள் வழியாகச் சொன்னார் என்று எனக்குத் தோன்றும்.

1932ல் மாணவர்களைச் சேர்த்து 'லா பர்ராக்கா' என்ற நாடகக் குழுவை நடத்த ஆரம்பித்தார். நீல ஓவரால் போட்டுக்கொண்டு, லாரியில் மேடையை ஏற்றிக்கொண்டு, நாடகமே பார்த்திராத கிராமங்களுக்குப் போனார்கள். குழுவின் கணக்கு வழக்கைப் பார்த்தவர் ரஃபேல் ரோட்ரிகெஸ் ராபுன். நம்மைப் போல ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட். லோர்காவின் கடைசிக் காலத்துப் பெரிய காதல் இவர்தான். 'இருண்ட காதலின் சானெட்டுகள்' இவரை நினைத்து எழுதியவை என்பது ஆய்வாளர்களில் பலரின் கருத்து.

1936 ஜூலை. நாட்டில் எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. மாட்ரிட்டிலிருந்து கிரனடாவுக்கு ரயில் ஏறும் முன், லோர்கா ஒரு காகிதக் கட்டை நண்பர் மார்தினெஸ் நடாலிடம் கொடுத்தார். தனக்கு ஏதாவது ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். சில நாட்களில் ராணுவக் கலகம். ஆகஸ்ட் 16 அன்று கைதானார். ஓரிரு நாளில், விசாரணையே இல்லாமல், ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். அவருடைய அரசியலும் பிடிக்கவில்லை, அவர் யாரைக் காதலித்தார் என்பதும் பிடிக்கவில்லை. வயசு 38. உடல் இன்னும் கிடைக்கவில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1937 ஆகஸ்டில், ராபுனும் போரில் காயம்பட்டு இறந்துபோனார்.

நடால் அந்தக் கட்டை அழிக்கவில்லை. நண்பனின் கடைசி வார்த்தையை மீறியது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க. அதற்குள்தான் இந்த நாடகத்தின் கைப்பிரதி இருந்தது, ஒரு காட்சி மட்டும் இல்லாமல். ஃபிராங்கோ செத்த பிறகு, 1976ல் புத்தகமாக வெளியிட்டார். அப்போதும் தயக்கம் போய்விடவில்லை. 1984ல் ஒரு ஸ்பானிஷ் பத்திரிகை அந்த சானெட்டுகளை அச்சிட்டபோது, தலைப்பில் 'இருண்ட' என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் காதல் கவிதைகள் என்றே போட்டது.

1986 டிசம்பரில் மிலானிலும், அடுத்த மாதம் மாட்ரிட்டிலும் லூயிஸ் பாஸ்குவால் இயக்கத்தில் நாடகம் மேடையேறியது. எழுதி 56 வருஷம் ஆகியிருந்தது. அரங்கத்தில் நீல நிற மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பார்வையாளர்கள் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள்.