குண்டு அளந்த பூமி

கடலூரைச் சுற்றியுள்ள சில ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிவந்தது. அதற்குக் காரணமாயிருந்தவர் எலிஹு யேல் என்னும் ஆங்கிலக் கும்பினி உத்தியோகஸ்தர். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலை தாங்கி நிற்பதும் அவர் பெயரையே. அவர் சரித்திரத்தைத் தேசாபிமானிகள் ஊன்றி நோக்குதல் தகும்.

1649-ல் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். அப்பிரதேசத்தில் நடந்ததை முதலில் அறிதல் வேண்டும். பாஸ்டனுக்குத் தெற்கே வாம்பனோவாக் என்னும் பூர்வகுடிகள் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, மீன் பிடித்து வாழ்ந்து வந்தனர். 1620-ல் கரையிறங்கிய ஆங்கிலேயருக்குப் பயிர்த்தொழில் கற்பித்துப் பசி தீர்த்தவர்கள் இவர்களே. மறு ஆண்டில் மஸஸாயிட் என்ற தலைவர் வந்தவர்களோடு உடன்படிக்கையும் செய்துகொண்டார். நாளடைவில் கிரய சாஸனங்கள் பெருகின. நிலத்தைக் கூடி அநுபவிக்க இடங்கொடுப்பதாகவே பூர்வகுடிகள் கருதினர். வந்தவர்களோ அதை முழு உடைமையாக்கி வேலியிட்டனர். மஸஸாயிட்டின் குமாரர் மெட்டகாம் 1675-ல் போர் தொடுத்து, மறு ஆண்டில் மாண்டார். அவர் தலை பிளிமத் நகரில் பல்லாண்டுகள் கம்பத்தில் தொங்கிற்று.

இளம்பிராயத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்ட யேல், 1672-ல் கும்பினிச் சேவகராகச் சென்னை வந்து, 1687-ல் கோட்டைத் தலைவரானார். 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமின் சர்க்காரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினிக்காக விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து சுடும் குண்டு எட்டும் தூரம்வரையுள்ள நிலமும் கும்பினியைச் சேரும் என்பது ஒப்பந்தம். பீரங்கி முழங்கிற்று. குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூரும் பல கிராமங்களும் அகப்பட்டன. பேரம் அரசருக்கும் கும்பினிக்குமே. உழுதவனுக்கு அதில் கையொப்பமில்லை.

1692-ல் சுயலாபம் தேடினாரென்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே யேல் பதவி இழந்தார். ஆயினும் நமது கடற்கரையில் திரட்டிய பெருஞ்செல்வத்தோடு லண்டன் திரும்பினார். 1718-ல் அமெரிக்கக் கலாசாலை ஒன்றுக்கு 417 புத்தகங்களும் 9 மூட்டைச் சரக்குகளும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. நன்றி பாராட்டிய கலாசாலை அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721-ல் அவர் காலமானார்.

மெட்டகாமின் நாட்டில் சாஸனம் முன்சென்றது, துப்பாக்கி பின்தொடர்ந்தது. கடலூரிலோ பீரங்கியே அளவுகோலாயிற்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கும்பினிக்குத் தலைமைப்பீடமாக உதவியதும் இக்கோட்டையே. விலைக்கு வாங்கிய வியாபாரி ஆளப்பிறந்தவனான கதை இதுவே.

வாம்பனோவாக் மக்கள் அழிந்தாரில்லர். மஷ்பீயிலும் அக்வின்னாவிலும் இன்றும் வாழ்கின்றனர். பேச்சு வழக்கொழிந்த தம் பாஷையை மீட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றனர். குண்டு கிராமம் என்ற பெயர் வந்த வரலாற்றை நம் குழந்தைகளுக்குக் கற்பிப்பது நமது கடன்.