எரிந்து போன நோட்டுகள்!

குழந்தைகளே... ஒரு சந்தைக்குப் போகிறீர்கள். அங்கே நாலு விதமான மக்கள். ஆளுக்கொரு மொழி பேசுகின்றனர். ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியவில்லை. ஒருவரை ஒருவர் நம்பவும் இல்லை. எப்படி இருக்கும்?

பியாலிஸ்டாக் என்ற ஊர், அப்படித்தான் இருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ள அவ்வூர், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என, பல பிரிவினர் அங்கே வாழ்ந்தனர். அந்த ஊரில், 1859 டிசம்பர் 15ல், யூதக் குடும்பத்தில் பிறந்தவர், லுட்விக் சாமென்ஹோஃப். அவருடைய அப்பா, மொழிப்பாட ஆசிரியர்.

யாருக்கும் தனிச் சொந்தமில்லாத, எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தால், இந்தப் பகை குறையுமே என்ற எண்ணம், சிறு வயதிலேயே லுட்விக் மனதில் விழுந்து விட்டது.

1873ல் குடும்பம் வார்சா நகருக்குக் குடி பெயர்ந்தது. அங்கே பள்ளியில் படித்துக் கொண்டே, சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார். இலக்கணத்தை எளிமையாக்கி விட்டார். ஆனால், சொற்கள்? தடி தடியான அகராதிகளைப் பார்த்தாலே பயமாக இருந்தது. இவ்வளவையும் யார் மனப்பாடம் செய்வது?

ஒரு நாள், தெருவில் நடந்த போது, இரண்டு பெயர்ப் பலகைகள் கண்ணில் பட்டன. ஒன்று, வாயில் காவலர் அறை; மற்றொன்று, மிட்டாய்க் கடை. ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட அந்த இரண்டு பெயர்களும், 'ஸ்காயா' என்றே முடிந்தன. எத்தனையோ முறை பார்த்த பலகைகள் தான். அன்றைக்குத் தான் பொறி தட்டியது. ஒரே ஒட்டைச் சேர்த்து, பல சொற்களை உண்டாக்கலாமே! நாம், பால்காரர், பூக்காரர், வண்டிக்காரர் என்று சொல்வதில்லையா... அதைப் போல!

கரும்பலகையில் எழுதிப் பழகிய கை எனக்கு, சும்மா இருக்காது. அவர் பிற்பாடு வெளியிட்ட மொழியிலிருந்து, பள்ளிக்கூடச் சொற்கள் சிலவற்றைச் சொல்கிறேன்... கவனியுங்கள்.

'லெர்னி' என்றால், கற்றுக் கொள்வது. இடத்தைக் குறிக்கும் ஒட்டு, 'ஏய்.' பெயர்ச்சொல், 'ஓ' என்று முடிய வேண்டும். மூன்றையும் சேர்த்தால், 'லெர்னேயோ' - பள்ளிக்கூடம். கற்கும் மாணவர், 'லெர்னன்டோ.' பாடப்புத்தகம், 'லெர்னோலிப்ரோ.' 'இன்ஸ்ட்ருயி' என்றால், கற்பிப்பது; ஆசிரியர், 'இன்ஸ்ட்ருயிஸ்டோ;' ஆசிரியை, 'இன்ஸ்ட்ருயிஸ்டினோ.' தலைமை ஆசிரியருக்கு, 'லெர்னேயெஸ்ட்ரோ' என்று பெயர். பன்மைக்கு, கடைசியில் 'ய்' சேர்த்தால் போதும். மாணவர்கள், 'லெர்னன்டோய்!'

'குயிரி' என்றால், சமைப்பது. அப்படியானால், 'குயிரேயோ' எது என்று நீங்களே சொல்லி விடுவீர்கள்.

1878 டிசம்பரில், முதல் வடிவம் தயாரானது. பள்ளி நண்பர்கள் அவர் வீட்டில் கூடி, புதிய மொழியில் பாட்டுப் பாடிக் கொண்டாடினர். அப்போது, லுட்விக்கிற்கு 19 வயது.

அடுத்து, மருத்துவம் படிக்க மாஸ்கோ புறப்பட்டார். படிப்பு கெட்டு விடுமோ, யாருக்கும் புரியாத எழுத்தைக் கண்டு போலீசார் சந்தேகப்படுவரோ என்று அப்பாவுக்குக் கவலை. நோட்டுகளை வாங்கி வைத்துக் கொண்டார். மகன் திரும்பி வந்து பார்த்த போது, அவை இல்லை. அப்பா எரித்து விட்டார் என்று, அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

பல ஆண்டு உழைப்பு... சாம்பல்! அந்த அப்பா மேல் எனக்குக் கோபம் தான். ஆனால், மகனின் எதிர்காலத்தை நினைத்துப் பயந்தவர், அவர். லுட்விக் உட்கார்ந்து, நினைவிலிருந்தே மறுபடி எழுதினார். எழுதும் போதே திருத்தினார். முதலில் இருந்ததை விட, மொழி இன்னும் எளிதானது.

கண் மருத்துவரானார். புத்தகத்தை அச்சிட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில், மாமனார் தந்த பணத்தில், 1887 ஜூலை 26ல், ரஷ்ய மொழியில் சிறு நூலாக வெளிவந்தது. இலக்கண விதிகள், 16 மட்டுமே. வேர்ச்சொற்கள், ஏறக்குறைய 900. சொந்தப் பெயரைப் போடாமல், 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று போட்டுக் கொண்டார். நம்பிக்கை கொண்டவர் என்பது, அதன் பொருள். அந்தப் புனைபெயரே மொழிக்கும் பெயராகி விட்டது. இந்த மொழி எல்லாருக்கும் பொதுச்சொத்து என்று சொல்லி, தன் உரிமையையும் விட்டுக் கொடுத்தார்.

1905ல், பிரான்சின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு நடந்தது. 20 நாடுகளிலிருந்து, 688 பேர் வந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக் கொண்டனர். ஆனால், 1914ல் முதல் உலகப் போர் மூண்டது. பாரிசில் நடக்க இருந்த மாநாடு நின்று போனது. போர் முடியும் முன்பே, 1917 ஏப்ரல் 14ல், வார்சாவில், சாமென்ஹோஃப் காலமானார்.

இரண்டாம் உலகப் போரில், அவருடைய மூன்று பிள்ளைகளையும் நாஜிகள் கொன்று விட்டனர். அவர்களில் இளையவர், லிடியா. 1942ல் ட்ரெப்ளிங்கா முகாமில் இறந்தார். அதற்கு முன், நாடு நாடாகப் பயணம் செய்து, அப்பாவின் மொழியைக் கற்பித்தவர், அவர். ஆம்... 'இன்ஸ்ட்ருயிஸ்டினோ!' ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும் அவர் எடுத்த வகுப்புகளில், முதல் நாளிலிருந்தே எஸ்பெராண்டோ மட்டும் தான். பொருளைக் காட்டுவார், பெயரைச் சொல்வார், 'லெர்னன்டோய்' ஒன்றாகச் சேர்ந்து, திருப்பிச் சொல்வர்.