சீகன்பால்கு ஐயர்

சோழநாட்டுக் கடற்கரையிலே தரங்கம்பாடி என்னும் பழம்பதி ஒன்று உண்டு. அங்கே இராச வீதியில், புதிய எருசலேம் என்னும் ஆலயம் சிலுவை வடிவில் அமைந்து விளங்குகின்றது. அதன் முகப்பில் டென்மார்க்கு மன்னரின் முடியும் பெயர்க்குறியும் 1718 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே செல்வோர், பீடத்தின் முன்னர் ஒரு கல்லறையைக் காண்பர். அவ்வாலயத்தைக் கட்டுவித்த சீகன்பால்கு ஐயர் அங்கே துயில்கின்றார்.

இவர் 1682ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஜெர்மனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார்; நோயினாலும் நலிந்தார். ஆயினும் சமயத் தொண்டு செய்யும் வேட்கை அவர் உள்ளத்தில் நாளும் வளர்ந்தது. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக், ஐயரையும் அவர்தம் தோழர் புளூச்சோவையும் அங்கு அனுப்பினார். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் அவர்கள் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது.

போதிக்க வந்த ஐயர் முதலில் மாணவரானார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708ஆம் ஆண்டில், தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட நூல்களுக்கு அட்டவணையும் வகுத்தார். திருக்குறளும் அவற்றுள் ஒன்று.

நற்பணிக்கும் இடையூறு நேர்ந்தது. டேனியக் கோட்டைத் தலைவர் ஐயர்மீது பகைகொண்டு, அவரைச் சிறையிலிட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் ஐயர் சிறையில் வாடினார். தம் மன்னர் அனுப்பிய ஊரிலேயே, அம்மன்னரின் அதிகாரியால் துன்புற நேர்ந்தது. எனினும் அவர் உறுதி தளரவில்லை. விடுதலை பெற்றதும் விட்ட பணியைத் தொடர்ந்தார்.

பின்னர் இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. அவ்வெழுத்துக்கள் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர். ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அச்சேறி முற்றுப்பெற்றது. ஏட்டில் வாழ்ந்த தமிழ் தாளிலும் பரவ அவருடைய அச்சகம் பெருந்துணை செய்தது.

1707ஆம் ஆண்டில் எழுப்பிய ஆலயம் சிறிதாக இருந்ததனால், ஐயர் புதிய ஆலயம் கட்டத் தொடங்கினார். 1718ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் அது வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. ஐந்து திங்கள் நிறையுமுன், 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், ஐயர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறே.

அவர் தமிழகத்தில் வாழ்ந்த காலம் சிறிது. செய்த பணியோ பெரிது. பிறர்க்குக் கற்பிக்க விரும்புவோர், தாம் முதலிற் கற்றல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.